நோக்கொப்பா, பார்வைப் பொருத்தமா?

சேலத்திலிருந்து:
நண்பர்களுக்கு வணக்கம். ‘ஐலைன் மேட்ச்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். ஒரு ஷாட்டில் ஒருவர் பார்க்கும் திசையும், அவர் பார்ப்பதைக் காட்டும் அடுத்த ஷாட்டும் சேர்ந்துவரும்படி எடுப்பதுதான் அது. அஸ்தம்பட்டியில் கல்லூரி மாணவர்களுக்குக் குறும்பட வகுப்பு எடுக்கிறேன். பயிற்சித்தாள் சனிக்கிழமை காலை அச்சுக்குப் போகிறது.

போன வாரம் ஏற்காடு ஏரிக்கரையில், பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு தோழிகள் பேசுகிற காட்சி எடுத்தார்கள். முதலாமவள் பார்வை திரையின் வலப்பக்கம். அதற்குள் மூடுபனி இறங்கி ஏரி மறைந்துவிட்டது. பின்னணி வேண்டுமென்று கேமராவைப் பெஞ்சுக்குப் பின்புறம் கொண்டுபோய் இரண்டாமவளை எடுத்தார்கள். அவளும் வலப்பக்கமே பார்க்கிறாள். ஒட்டிப் பார்த்தால் இருவரும் வேறு யாரையோ பார்த்துப் பேசுகிறார்கள். இருவருக்கும் நடுவே ஒரு கோடு, அதற்கு ஒரே பக்கத்தில் 180 பாகைக்குள் நில்லுங்கள் என்று பலகையில் வரைந்தே காட்டியிருந்தேன். கோடு மறந்துபோகிறது, சொல் இருந்தால் நிற்கும்.

மதுரையிலிருந்து:
வள்ளுவர் எப்போதோ கொடுத்துவிட்டார். ‘கண்ணொடு கண்இணை நோக்கொக்கின்’, குறள் 1100. நோக்கு + ஒப்பு = நோக்கொப்பு. குற்றியலுகரம் கெட்டு உயிர் ஏறுகிறது, அவ்வளவுதான். காண், பார், நோக்கு மூன்றும் ஒன்றல்ல. நோக்கில்தான் குறி இருக்கிறது.

கோவையிலிருந்து:
ஐயா, அந்தப் பிள்ளைகள் செய்த பிழையே இரு நோக்கும் ஒத்துப்போனதுதானே? ஒருத்தி வலம் பார்த்தால் மற்றவள் இடம் பார்க்க வேண்டும். 1082-இல் ‘நோக்கெதிர் நோக்குதல்’ என்கிறார், நோக்கெதிர்வு என்போம். ‘எதிர்நோக்கு’ என்று மாற்றிவிடாதீர்கள், காத்திருப்பது ஆகிவிடும். தவிர, தொல்காப்பியச் செய்யுளியலில் நோக்கு ஒரு செய்யுளுறுப்பு. அதை இங்கே இழுக்கலாமா?

மதுரையிலிருந்து:
தாராளமாக இழுக்கலாம். ‘மாத்திரை முதலா அடிநிலை காறும்’ கேட்பவன் கவனத்தைப் பிடித்து நிறுத்துவதே நோக்கு. படத்தொகுப்புக்கும் அதுதான் வேலை. குறளின் காதலர் எதிரெதிரே நின்றுதான் பார்க்கிறார்கள். அவர்களைப் படமெடுத்தாலும் ஒருவர் வலம், ஒருவர் இடம். ஒப்பு திசையில் இல்லை, சந்திப்பில் இருக்கிறது.

ஏற்காட்டிலிருந்து:
என் மாமனார் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் லைட்மேனாக இருந்தவர். 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய இடம். மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ 1938-இல் அங்கிருந்துதான் வந்தது. மலைப்பாதையில் இறங்கும்போதெல்லாம் அந்த நுழைவு வளைவைக் காட்டிக் கதை சொல்வார். அவர் வாயில் கடைசிவரை ‘லுக்’தான். ‘லுக் மாறுது’ என்றால் செட்டில் எல்லாருக்கும் புரியும்.

தமிழில்தான் வேண்டுமென்றால் ஒன்று கேட்கிறேன். ஒரு பையன் ஏரியைப் பார்க்கிறான், அடுத்த ஷாட்டில் படகு. அதுவும் ஐலைன் மேட்ச்தான். படகு எங்கே எதிர் நோக்கும்? ‘பார்வைப் பொருத்தம்’ போதும். பொருத்தம் என்றால் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதல்ல, ஒன்றோடொன்று சேர்வது. ஜாதகம் பார்த்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம்.

சேலத்திலிருந்து:
படகு விஷயத்துக்கு மறுப்பு வரவில்லை. தனிமடலில் மூவர் ‘பார்வைப் பொருத்தம்’ என்றே எழுதியிருக்கிறார்கள். இரவு பத்தரை ஆகிவிட்டது, அதையே போடுகிறேன். பக்கத்தில் ‘லுக்’ என்றும் இருக்கும். அனைவருக்கும் நன்றி.

மதுரையிலிருந்து:
அச்சடியுங்கள், தடுக்கவில்லை. ஆனால் அடுத்த பாடத்தில் அசைவுப் பொருத்தம், ஒளிப் பொருத்தம், உடைப் பொருத்தம் என்று வரிசையாக வருமே, மாணவன் எதை எதிலிருந்து பிரிப்பான்? படகைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். நோக்கொப்பை விடுவதாக இல்லை.