கில் சுவிட்ச்சில் அணைத்துவிட்டு சாவியை ஆனிலேயே விட்டால் பேட்டரி காலி: என்ன செய்யலாம்?

திருச்சி_150

வணக்கம். கார்புரேட்டர் வச்ச 150 சிசி வண்டி. 12 வோல்ட், 5 ஆம்பியர் அவர் (Ah) மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரி, ஒன்றரை வயசு. கில் சுவிட்ச்ல (ஹேண்டில்ல இருக்கிற இன்ஜின் நிறுத்துற சுவிட்ச்) அணைக்கிறதே பழக்கம், அதனால சாவி ஆன்லயே நின்னு மூணு தடவை பேட்டரி இறங்கிருச்சு. கிராஷ் கார்டுல 20 வாட் எல்இடி ஃபாக் லைட் ரெண்டு இருக்கு. தனி சுவிட்ச், பேட்டரியிலிருந்து நேர் வயர், ஃபியூஸ் கிடையாது. அதுவும் ஒரு தடவை எரிஞ்சபடியே நின்னுருச்சு. இப்ப சார்ஜ் போட்டாலும் மறுநாள் செல்ஃப் திணறுது. பேட்டரி மாத்தணுமா? இனிமே இப்படி ஆகாம இருக்க என்ன வழி?

வயரிங்_பட்டறை

முதல்ல கணக்கைப் பாருங்க. பைலட் பல்ப் 5 வாட், டெயில் 5 வாட், மீட்டர் பல்புகள் சேர்ந்து ஒரு 5 வாட். மொத்தம் 15 வாட், அதாவது சுமார் 1.25 ஆம்பியர். 5-ஐ 1.25-ஆல வகுத்தா 4 மணி நேரம்னு வரும், ஆனா அவ்வளவு தாங்காது. பேட்டரி மேல போட்டிருக்கிற 5 ஆம்பியர் அவர், 10 மணி நேரமா மெதுவா இழுத்தாத்தான் கிடைக்கும். செல்ஃப் சுத்துற பலம் அதுக்கும் முன்னாடியே போயிடும். ஃபாக் லைட் மட்டும் 3.3 ஆம்பியர் தின்னும், ஒரு மணி நேரம் போதும்.

ஃபாக் லைட்டுக்கு 4 பின் ரிலே (சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டை ஆன், ஆஃப் பண்ற சுவிட்ச்) கட்டாயம் போடுங்க. பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து 7.5 ஆம்பியர் ஃபியூஸ் வழியா 30-ம் பின்னுக்கு. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும், இல்லேன்னா நடுவுல வயர் உரசி எர்த் ஆனா தீதான். 87 லைட்டுக்கு, 85 எர்த்துக்கு. 86-க்கு வர்ற கரண்ட் சாவி ஆன்ல மட்டும் வரணும், உங்க ஃபாக் சுவிட்ச்சை இந்த லைன்ல போட்டுக்கோங்க.

சாவி லைனை எங்க எடுக்கிறதுன்னா, பின் பிரேக் சுவிட்ச்சுல ரெண்டு வயர் வரும். சாவியை ஆன் பண்ணி, பெடலை மிதிக்காம மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க. 12 வோல்ட் காட்டுற வயர்தான் வேணும். மிதிச்சா மட்டும் காட்டுறது பிரேக் லைட்டுக்குப் போறது, அதை எடுத்தா பிரேக் பிடிக்கும்போதுதான் ஃபாக் எரியும். அங்க கை வைக்கும்போதே அந்த சுவிட்ச்சோட ஸ்பிரிங்கையும் நட்டையும் பாத்துருங்க. நட் கொஞ்சம் இறுக்கமா இருந்தாலே பெடலைத் தொடாமலே பிரேக் லைட் எரிஞ்சுட்டு இருக்கும். பகல்ல தெரியாது, இருட்டுல வச்சுப் பாருங்க.

செல்_12வோல்ட்

பேட்டரியை இப்பவே தூக்கிப் போடாதீங்க. 5 ஆம்பியர் அவருக்கு 0.5 ஆம்பியர் சார்ஜர்தான் சரி, வோல்டேஜ் 14.4-ஐத் தாண்டக் கூடாது. கார் பேட்டரிக்கு வச்சிருக்கிற 5 ஆம்பியர் சார்ஜர்ல அவசரமா ஏத்தினா கேஸ் கிளம்பி வால்வு வழியா வெளியேறிடும். சீல் பண்ணின பேட்டரியில தண்ணி திரும்ப ஊத்த முடியாது, போனது போனதுதான்.

முழு சார்ஜ் ஏறினதும் கழட்டி ஒரு ராத்திரி சும்மா வைங்க. காலையில 12.7 வோல்ட்டுக்கு மேல இருந்தா நல்லது. 12.4-க்குக் கீழ வந்துட்டா செல் உள்ள தகடுல சல்ஃபேட் படிகமாக் கெட்டியாயிருச்சுன்னு அர்த்தம். இறங்கின பேட்டரியை நாள் கணக்கா அப்படியே விட்டா இதுதான் நடக்கும். அடுத்து செல்ஃப் அடிக்கும்போது மல்டிமீட்டரைப் பாருங்க. 9.5-க்குக் கீழ விழுந்தா மாத்தியே ஆகணும்.

வண்டி ஓடும்போது சுமார் 4000 ஆர்பிஎம்ல 13.5-ல இருந்து 14.5 வரைக்கும் வரணும். வரலைன்னா ஸ்டேட்டர் (இன்ஜின்ல கரண்ட் உற்பத்தி பண்ற காயில்), ரெகுலேட்டர் (அந்த வோல்டேஜைக் கட்டுப்படுத்துறது) பக்கம் பாக்கணும். அதைச் சரி பண்ணாம புது பேட்டரி போட்டா அதுவும் வீண்.

எர்த்_பாயின்ட்

ரிலே யோசனை சரிதான், ஆனா அது பாதி வேலைதான். நண்பரோட முக்கியப் பிரச்சனை சாவி ஆன்ல நிக்கிறது. சாவி ஆன்ல இருந்து ஃபாக் சுவிட்ச்சும் ஆன்ல இருந்தா ரிலே போட்டும் லைட் எரியத்தான் செய்யும். கில் சுவிட்ச் இன்ஜினை மட்டும்தான் நிறுத்தும், லைட் லைனை அது தொடாது. வண்டி சாஞ்சு விழுந்தா, ஆக்சிலேட்டர் மாட்டிக்கிட்டா அவசரத்துக்கு அடிக்கத்தான் அது இருக்கு. தினமும் சாவியிலதான் அணைக்கணும்.

பழக்கம் மாறுற வரைக்கும் ஒரு பஸ்ஸர் வைங்க. 12 வோல்ட் பியசோ பஸ்ஸரோட பாசிட்டிவை பிரேக் சுவிட்ச்சுல எடுத்த அதே சாவி லைன்ல கொடுங்க. நெகட்டிவை சைடு ஸ்டாண்டுல ஒரு மைக்ரோ சுவிட்ச் வச்சு அது வழியா எர்த்துக்கு. ஸ்டாண்டு போட்டிருக்கும்போது சாவி ஆன்ல இருந்தா கத்தும். சென்டர் ஸ்டாண்டு போட்டா கத்தாது, ஞாபகம் வச்சுக்கோங்க. செயின் பக்கத்துல சேறு அடிக்கும், அதனால சுவிட்ச்சுக்கு ரப்பர் உறை போடணும். பிஎஸ்6 (புது புகை விதிப்படி வந்த) வண்டிகள்ல ஏற்கெனவே இருக்கிற ஸ்டாண்டு சென்சார் வயரை இதுக்காக வெட்டாதீங்க. அது இசியூவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போறது, தனி சுவிட்ச்தான் வேணும்.

பைலட், டெயில், மீட்டர் பல்பை எல்இடிக்கு மாத்தினா 15 வாட் 3 வாட்டுக்குக் கீழ வரும். ராத்திரி முழுக்க மறந்தாலும் செல்ஃப் அடிக்க வாய்ப்பு உண்டு. டெயில் பல்ப் ரெண்டு இழை கொண்டது, அதே பேஸ்ல, சிவப்பு எல்இடி வாங்குங்க.

சாவி ஆஃப்ல எவ்வளவு கசியுதுன்னும் பாருங்க. நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி, அந்த டெர்மினலுக்கும் கழட்டின வயருக்கும் நடுவுல மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்ச்ல தொடர் இணைப்பா வைங்க, குறைவா இருந்தா மில்லி ஆம்பியருக்கு இறக்குங்க. அந்த நேரத்துல சாவியைத் தொடவே கூடாது, செல்ஃப் அடிச்சா மீட்டர் ஃபியூஸ் போயிடும்.

திருச்சி_150

பாத்துட்டேன். ஒரு ராத்திரி வச்ச பிறகு 12.6, செல்ஃப் அடிக்கும்போது 10.1. ஆனா சாவி ஆஃப்ல 38 மில்லி ஆம்பியர். ஹேண்டில்பார்ல இருக்கிற மொபைல் சார்ஜரைக் கழட்டினதும் 1-க்கு வந்துருச்சு.

வயரிங்_பட்டறை

38 மில்லி ஆம்பியர்னா முழு பேட்டரியும் அஞ்சரை நாள்ல காலி. மூணு நாள் நிறுத்தினாலே செல்ஃப் திணறும். சார்ஜருக்கு 87-ல இருந்து எடுக்காதீங்க, ஃபாக் போட்டாத்தான் அப்புறம் மொபைல் ஏறும். இன்னொரு சின்ன ரிலே, 3 ஆம்பியர் ஃபியூஸ், 86 நேரா சாவி லைனுக்கு. பேட்டரி தப்பிச்சுருச்சு, 0.5 ஆம்பியர்ல இன்னொரு தடவை முழுசா ஏத்திட்டு ஓட்டுங்க.