திஸ்கி மாற்றிக்கு மேக் போதுமா, சிமேக்குக்கு மாறலாமா?

பிறைவாசி, பினாங்கு:
வணக்கம். பழைய கோயில் மலர்களின் திஸ்கி (TSCII, யூனிகோடுக்கு முன் புழங்கிய தமிழ் எழுத்துக் குறியீடு) கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற சி++ஸில் ஒரு கட்டற்ற மென்பொருள் எழுதி வருகிறேன். எழுத்து அட்டவணை ஒரு சிஎஸ்வி (CSV) கோப்பு. அதிலிருந்து பைத்தான் ஸ்கிரிப்ட் ஒரு ஹெடரை (மற்ற நிரல் கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் கோப்பு) உருவாக்கும். எல்லாவற்றையும் கம்பைல் செய்து இணைக்க இதுவரை மேக் (make) கருவியும், அதற்குக் கையால் எழுதிய மேக்ஃபைலும்தான்.

திஸ்கியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். யூனிகோடில் க முதலில் வரவேண்டும். போன மாதம் அட்டவணையில் இருந்த பிழையைத் திருத்தி, ஹெடரையும் புதிதாக எடுத்து, ரிலீஸ் விட்டேன். ஆனால் மேக், முன்பு கம்பைல் செய்த பழைய .ஓ (.o) கோப்பையே இணைத்துவிட்டது. 'கொடிமரம்' உடைந்தபடியே ஒரு மலர் முழுவதும் மாறிப்போனது. நம்பிக் கொடுத்தவர்கள் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருந்தது. உதவ வந்த ஆசிரியை ஒருவர் விண்டோஸ் வைத்திருக்கிறார். எதற்கு மாறலாம்?

செந்தூல் அக்கா, கோலாலம்பூர்:
தம்பி, மேக்கைக் குறை சொல்லாதீர்கள். 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய நாளிலிருந்து அது பார்ப்பது ஒன்றைத்தான்: நீங்கள் சொன்ன கோப்புகளில் எது புதியது. ஹெடரை நீங்கள் சொல்லவே இல்லை. ஜிசிசி (GCC) கம்பைலருக்கு -எம்எம்டி -எம்பி (-MMD -MP) கொடுத்து, எது எந்த ஹெடரைக் கேட்கிறது என்று அது எழுதும் .டி (.d) கோப்புகளை மேக்ஃபைலில் இன்க்லூட் செய்தால் இந்தத் தொல்லை தீரும்.

ஆனாலும் ஆசிரியைக்காக நான் சிமேக்கைத்தான் (CMake, அந்தந்தக் கணினிக்கு ஏற்ற கட்டும் கோப்புகளை உருவாக்கும் கருவி) சொல்வேன். விண்டோஸில் நிரல் எழுதும் விஷுவல் ஸ்டூடியோ, 2017 பதிப்பு முதல் சிமேக் கோப்புறையை நேராகவே திறக்கும். ஆட்_கஸ்டம்_கமாண்ட் (add_custom_command) என்ற சிமேக் கட்டளையில் ஹெடரை அவுட்புட்டாகவும், சிஎஸ்வி, ஸ்கிரிப்ட் இரண்டையும் டிபெண்ட்ஸிலும் எழுதுங்கள். ஸ்கிரிப்டை விட்டுவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. நிரலும் டெஸ்டும் ஒரே ஹெடரைக் கேட்டால், இரண்டிலும் தனித்தனியாகச் சேர்க்காதீர்கள். இணையாக ஓடும்போது ஒன்றன்மேல் ஒன்று எழுதும். ஒரு லைப்ரரிக்குள் வைத்து, இரண்டையும் அதோடு இணையுங்கள்.

பாயான் லெப்பாஸ், பினாங்கு:
மெசான் (Meson) என்ற இதேபோன்ற கருவியையும் பார்த்துவிடுங்கள். லினக்ஸின் சிஸ்டம்டி அதற்கு மாறியது, போஸ்ட்கிரெஸ் 16 தரவுத்தளம் அதையும் சேர்த்துக்கொண்டது. சிமேக் மொழியைவிட வாசிக்க இதமாக இருக்கும். பைத்தான் வேண்டும், அது உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. நான் தனியாக எழுதினால் மெசான்தான்.

செந்தூல் அக்கா:
தனியாக எழுதினால் நானும் அதையேதான் எடுப்பேன். இங்கே இரண்டாவது ஆள் ஒருவர் இருக்கிறாரே.

பிறைவாசி:
அக்கா, அண்ணே, இருவருக்கும் நன்றி. சிமேக் எழுதிவிட்டேன், இரண்டு இரவு ஆனது. அட்டவணையில் ஒரே ஒரு வரியைத் தொட்டு மறுபடி கம்பைல் செய்தேன். ஹெடர் உருவானது, அதைக் கேட்கும் இரண்டு கோப்புகள் மட்டும் ஓடின, மற்ற முப்பத்தெட்டும் அசையவில்லை. 'கொடிமரம்' சரியாக வந்தது. ஐசியூ (ICU) என்ற யூனிகோடு லைப்ரரியை விண்டோஸில் கண்டுபிடிக்காமல் நின்றது, லைப்ரரிகளை நிறுவும் விசிபிகேஜியில் (vcpkg) போட்டதும் சரியாகிவிட்டது. ஆசிரியை நேற்று தன் கணினியிலேயே கட்டிப் பார்த்துவிட்டார்.

பழைய மேக்ஃபைலை அழித்துவிட்டேன். இரண்டும் கிடந்தால் ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவேன்.