கனடா போற நம்ம குமரி மாவட்டத்து ஆளுகளுக்கு: முத தடவ கேம்பிங் போறதுக்கு முன்னாடி இத வாசிங்க

மக்கா, லீவுக்கு வந்து குலசேகரத்துல வீட்டு திண்ணையில இருந்துதான் இத டைப் பண்றேன், வெளிய ஆனி மாச சாரல் விடாம பெஞ்சிட்டு கெடக்கு. பக்கத்து வீட்டு தம்பி அடுத்த மாசம் டொரண்டோ போறான். நேத்து வந்து "அண்ணே, அங்க காட்டுக்குள்ள ஏரிக்கரையில டென்ட் போட்டு தங்குவாங்களாமே, எங்க போனா நல்லாருக்கும்"னு கேட்டான். அவனுக்கு சொன்னத இங்கயும் போடுறேன், டொரண்டோ இருக்க ஒன்டாரியோ மாகாணத்துல புதுசா வந்து இறங்குற நம்ம ஆளுக எல்லாருக்கும் ஆவும்.

மொதல்ல தண்ணிய பத்தி சொல்லிடுறேன், அதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். நமக்கு கொளமும் சானலும் பழக்கம், பேச்சிப்பாறை தண்ணி வர்ற சானல்ல பாலத்து மேல இருந்து தலைகுப்புற சாடி வளந்தவங்க நாம, அதனால தண்ணின்னா பயமே கெடையாது. அந்த தைரியத்துலதான் நான் போன மொத வருசம் மே மாச கடைசியில அல்கான்குவின்னு ஒரு பெரிய காட்டு பார்க்ல கேனிஸ்பே ஏரியில சாடுனேன். வெயிலு நல்லா அடிச்சிட்டு இருந்து, தண்ணி கண்ணாடி மாதிரி கெடந்து. உள்ள போனதும் நெஞ்ச யாரோ இறுக்கி புடிச்ச மாதிரி மூச்சு டக்குனு இழுத்துச்சு, வெளிய விட முடியல, கரை பத்தடி தள்ளிதான், ஆனா கை சொன்னபடி கேக்கல. கூட்டாளி துடுப்ப நீட்டி இழுத்து போட்டான். அந்த ஏரியெல்லாம் ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் வரைக்கும் ஐஸா கெடக்குறது, மேல வெயில் அடிச்சா உள்ள சூடாவாது. அங்க 1-10-1ன்னு ஒரு கணக்கு சொல்லி குடுக்காங்க: குளுந்த தண்ணியில விழுந்தா மொத 1 நிமிசம் மூச்ச கட்டுக்குள்ள கொண்டு வரணும், 10 நிமிசத்துக்குள்ள கை கால் ஓடுறப்பவே கரைக்கு வந்துரணும், 1 மணி நேரத்துல குளிருலயே மயங்கி போவோம். அதனால நீச்சல் தெரிஞ்சவன்தான்னு நெனைக்காதீங்க, கேனூல, அதான் துடுப்பு போடுற சின்ன படகுல, ஏறுனா லைஃப் ஜாக்கெட்ட போட்டு பக்கிள மாட்டிட்டுதான் ஒக்காரணும். படகுல ஆளுக்கு ஒண்ணு அளவு சரியா இருக்கணும்ங்கது சட்டம், பல பார்க்ல கடனாவே குடுப்பாங்க. ஒன்டாரியோ பார்க்ஸ்ங்குற மாகாண அரசு பார்க் பீச்சுல லைஃப்கார்டு கெடையாது, புள்ளைகள ஒரு கை தூரத்துலயே வச்சுக்கிடுங்க.

இனி எங்க போறதுன்னு. அல்கான்குவின் பேர கேட்டதும் எல்லாரும் அங்கதான் போணும்னு நிக்காங்க, தப்பு இல்ல, 1893ல ஆரம்பிச்ச பார்க், உள்ள 2,400க்கு மேல ஏரி இருக்கு, ஹைவே 60 அதுக்குள்ள 56 கிலோமீட்டர் போவுது, ரோட்டோரமாவே வரிசையா கேம்ப்கிரவுண்ட். ஆனா டொரண்டோல இருந்து வண்டி ஓட்ட 3 மணி நேரம் ஆவும், மொத தடவையே அங்க போயி ராத்திரி மழையில டென்ட் ஒழுகுனா திரும்பி வரவும் வழி இல்ல. அதனால மொத ராத்திரிய கிட்டக்கவே, சிம்கோ ஏரிக்கரையில சிபல்ட் பாயின்ட் மாதிரி ஒரு எடத்துல தங்கி பாருங்க. எது மறந்துச்சுன்னு அங்கயே தெரிஞ்சிரும். அதுக்கப்புறம் அல்கான்குவின் போவலாம், புள்ளைக இருந்தா லேக் ஆஃப் டூ ரிவர்ஸ், பீச்சும் கடையும் பக்கத்துலயே இருக்கு, ரோட்டு சத்தமும் ஆள்கூட்டமும் உண்டு. அமைதி வேணும்னா பாக் லேக், கேனிஸ்பே.

புக்கிங் அங்க போற நாளைக்கு 5 மாசத்துக்கு முன்னாடி காலைல 7 மணிக்கு திறக்கும், ஜூலை 18க்கு போணும்னா பிப்ரவரி 18 காலைல 6.55க்கே லாகின் பண்ணி இருக்கணும், லாங் வீக்கெண்டுன்னா கண்ண மூடி தொறக்குறதுக்குள்ள தீந்துரும். தம்பி போறது ஜூலைல, அவனுக்கு ஆகஸ்ட் சனி ஞாயிறு கெடைக்காது, செப்டம்பர பாக்க சொன்னேன். அது நல்லதுக்குதான், பூச்சி தொல்லை அப்ப அடங்கிரும், செப்டம்பர் கடைசியில மேப்பிள் எலை செவக்கவும் தொடங்கும். மே பாதியில இருந்து ஜூன் முடிய பிளாக்ஃப்ளைன்னு ஒரு சின்ன கறுப்பு ஈ காதுக்கு பின்னால கடிச்சி ரத்தம் வர வச்சிரும், அது பின்னாலயே கொசு. காளிகேசத்துல அட்டைக்கு உப்பு கொண்டு போவோம்லா, அங்க வெளிர் நிறத்துல முழுக்கை சட்டை, பேண்ட சாக்ஸுக்குள்ள சொருகி விடுங்க, சாயங்காலம் ஒடம்புல உண்ணி இருக்கான்னு பாத்துக்கிடுங்க.

சைட், அதான் டென்ட் போடுற எடம், எடுக்கும்போது போட்டோ பாருங்க, ஏரிக்கரை சைட் அழகுதான் ஆனா காத்து நேரா அடிக்கும். பள்ளத்துல இருக்க சைட் வேண்டாம், மழை நாட்டுல பொறந்த நமக்கு தண்ணி எங்க வந்து தேங்கும்னு சொல்லி தரவா வேணும். பாத்ரூமுக்கு ஒட்டுன சைட்ல ராத்திரி பூரா டார்ச் வெளிச்சம், ரொம்ப தள்ளியும் போவாதீங்க, ஒரு ரெண்டு நிமிச நடை தூரம் போதும். ஒரு சைட்டுக்கு 6 பேருதான், ஒரே குடும்பம்னா அதுக்கு மேலயும் இருக்கலாம். நாலு குடும்பம் சேந்து போயி ஒரே சைட்ல பாய் விரிக்கலாம்னு நெனைச்சுராதீங்க, நம்ம ஆளுக அதுலதான் மாட்டுறாங்க.

அடுத்தது சாப்பாடு. கோதையாறு பக்கம் சக்கை பழுத்தா மணத்துக்கு ஆனை எறங்கும்லா, அதே கததான் அங்க கரடிக்கு. சாப்பாடு, கூலர் (ஐஸ் போட்டு சாப்பாடு வைக்குற பெட்டி), டூத் பேஸ்ட், எண்ண வச்ச பாத்திரம், குப்பை எல்லாமே ராத்திரி காருக்குள்ள போயிரணும், டென்ட்ல ஒரு முறுக்கு கூட இருக்க கூடாது. நாங்க ஒரு தடவ சாளை மீன் கறி இருந்த கூலர மேசைக்கு அடியில விட்டுட்டு தூங்கிட்டோம். விடியக்காலம் பாத்தா ரக்கூன்னு பூனைய விட கொஞ்சம் பெரிய ஒரு காட்டு பிராணி தொறந்து தின்னுட்டு போயிருக்கு, மூடி மேல மஞ்சளும் மொளவாப்பொடியுமா அஞ்சு வெரலு பதிஞ்சு கெடக்கு, சின்ன புள்ள கை மாதிரியே. ரக்கூனா இருந்தது எங்க நல்ல நேரம். நெத்திலி கருவாடு சுடுறதெல்லாம் வீட்டுல வச்சுக்கிடுங்க. மரச்சீனி கெழங்க அவிச்சு கொண்டு போயி கனல்ல லேசா வாட்டி காந்தாரி மொளவு சம்மந்தியோட சாப்பிட்டு பாருங்க, வேற ஒண்ணும் வேண்டாம்.

வெறவு மட்டும் வீட்டுல இருந்து கட்டிட்டு போவாதீங்க. தென்னைக்கு செவப்பு கூன்வண்டு என்ன பண்ணுதுன்னு நமக்கு தெரியும், அங்க ஆஷ் மரத்த எமரால்டு ஆஷ் போரர்னு ஒரு வண்டு தின்னு தீக்குது, அது வெறவோட சேந்து ஊரு விட்டு ஊரு போவும். பார்க்லயே வாங்கிருங்க. தீ மூட்ட தடை போட்டிருக்காங்களான்னு போற அன்னைக்கு காலையில பாருங்க. குளிருதுன்னு அடுப்பையோ கரியையோ டென்டுக்குள்ள எடுக்கவே கூடாது, மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்துலயே ஆள கொன்னுரும்.

குளிருக்கு ஸ்லீப்பிங் பேக் மட்டும் போதாது, அடியில போடுற மேட்தான் முக்கியம், தரையில இருந்து ஏறுற குளிரு எலும்ப புடிக்கும். செப்டம்பர் ராத்திரி 0 வரைக்கும் எறங்கும், காது மூடுற குல்லா எடுத்துக்கிடுங்க. மீன் புடிக்க ஆசை இருந்தா 18ல இருந்து 64 வயசு வரைக்கும் லைசன்ஸ் வேணும், தூண்டில் போட்டு பொழுத போக்குறதுதானேன்னு விட்டுராதீங்க. அந்திக்கு அப்புறம் ஹைவே 60ல மெதுவா போங்க, மூஸ்னு ஒரு பெரிய மான் சாதி ரோட்டுல வந்து நிக்கும், கறுத்த ஒடம்பு, கிட்ட வர்ற வரைக்கும் தெரியாது.

டென்ட், மேட் எல்லாம் அங்கயே வாங்கிக்கிடலாம், ஊர்ல இருந்து சொமக்க வேண்டாம். தம்பி பெட்டியில நான் எடுத்து வைக்க சொன்னது நாலு துவர்த்து (மெல்லிசு துண்டு) மட்டும்தான், அங்க உள்ள தடி டவல் காட்டுக்குள்ள ரெண்டு நாளானாலும் காயாது, துவர்த்து மரத்துல கட்டுன கயித்துல ஒரு மணி நேரத்துல காஞ்சிரும்.