பாசி வளர்த்த கதை, பாசியைக் கொன்ற கதை: உங்களுடையதையும் சொல்லுங்கள்

ஈரச்சுவர்:

வீட்டில் யாராவது பாசி வளர்த்திருக்கிறீர்களா? குளத்தில் மிதக்கும் பாசியைச் சொல்லவில்லை. சுவரிலும் கல்லிலும் வெல்வெட் மாதிரி மெத்தென்று படருமே, அந்த மாஸ். இரண்டுக்கும் நாம் ஒரே பெயர் வைத்திருப்பதால் "பாசி வளர்க்கிறேன்" என்று சொன்னாலே எல்லாரும் தண்ணீர்த் தொட்டியைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். நான் மூன்று முறை கொன்றிருக்கிறேன். நான்காவது இரண்டு வருடமாக உயிரோடு இருக்கிறது, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

முதல் முறை வீட்டுப் பின்சுவரில் வெயில் படாத மூலையில் இருந்து உள்ளங்கை அளவு பெயர்த்து, மூடி போட்ட கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, செடி என்றால் வெளிச்சம் வேண்டுமே என்று ஜன்னல் விளிம்பில் நன்றாக வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்தேன். மத்தியானம் ஜாடியைத் தொட்டால் சுடுகிறது, உள்ளே ஆவி. மூன்றாம் நாள் பழுப்பாகி நாற்றம் எடுத்துவிட்டது. மூடிய கண்ணாடியில் நேர்வெயில் பட்டால் உள்ளே இருப்பது வெந்துவிடும் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

இரண்டாவது முறை நிழலில் வைத்தேன், ஆனால் ஊற்றியது உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். இரண்டு மாதத்தில் நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்து கருகியது. மற்ற செடிகள் அதே தண்ணீரைத்தானே குடிக்கின்றன என்று ரொம்ப நாள் குழம்பினேன். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. அடியில் இருக்கும் இழைகள் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளத்தான், தண்ணீரை உடம்பு முழுவதாலும் உறிஞ்சுகிறது. இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன், மேலே மெழுகுப் பூச்சு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அதனால் தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது நேரே இலைக்குள் போகும், போகாதது இலை மேலேயே காயும்.

மூன்றாவது தவறுதான் வெட்கக்கேடு. சத்தே இல்லாமல் கிடக்கிறதே பாவம் என்று திரவ உரத்தைக் கரைத்து ஊற்றினேன். ஒரு வாரத்தில் வழவழவென்று பச்சைப் படலம் வந்து மூடிவிட்டது. பாசி மேல் பாசி!

இப்போது இருப்பது ஆழம் குறைந்த மண்தட்டில். அடியில் மண்ணை நன்றாக அழுத்தி, மேலே பாசித் துண்டைக் காற்றுப்பை இல்லாமல் விரலால் ஒட்ட அமுக்கி, நேர்வெயில் வராத ஜன்னலருகே வைத்து, மழைத்தண்ணீர் மட்டும் தெளிக்கிறேன். உரம் கிடையாது. அவ்வளவுதான் வேலை. உங்கள் கதைகளைப் போடுங்கள்.

சும்மா இரு:

ஈரச்சுவர் அண்ணா, உங்களுக்காவது செத்தது பாசி. நான் ஏற்கெனவே செத்த பாசிக்கு ஐந்து மாதம் தண்ணீர் ஊற்றியவன்.

அலங்காரத்துக்கு விற்கிறார்களே, சட்டம் போட்ட பச்சைப் பாசி, அது ஒன்று பரிசாக வந்தது. தினமும் காலையில் தெளிப்பேன். ஒரு நாள் சுவரில் பச்சையாக ஒரு கோடு வடிந்திருந்தது. அட, வளர்ந்து கீழே இறங்குகிறது என்று வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். சாயம்! அந்த மாதிரிப் பலகைகளில் கிளிசரின் ஏற்றி, நிறம் போட்டுப் பதப்படுத்தியதைத்தான் ஒட்டுவார்கள். அதில் உயிர் இல்லை, தண்ணீரே காட்டக் கூடாது. அதிலும் பஞ்சுருண்டை மாதிரி நுரைத்துக்கொண்டு இருப்பது பெரும்பாலும் பாசியே இல்லையாம், கலைமான் மாஸ் என்று பெயர் வாங்கிய லைக்கன், அதாவது பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் வேறு ஜாதி. பெயரை நம்பி எதையும் வாங்காதீர்கள். ஸ்பானிஷ் மாஸ் என்று மரத்தில் தாடி மாதிரித் தொங்குவதும் பாசி கிடையாது, அது பூக்கும் செடி, அன்னாசியின் சொந்தக்காரன்.

கல்லும் புல்லும்:

எனக்கு எதிரி வெயிலும் இல்லை உப்பும் இல்லை, அம்மாதான்.

வாசல் படியோரம் இருந்த ஒரு கருங்கல்லில் ஒன்றரை வருடம் பாசி ஏற்றினேன். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் கல் பளபளவென்று இருக்கிறது. "அழுக்குப் பிடிச்சு வழுக்குது, யாராவது விழுந்து வைப்பாங்கன்னு தேய்ச்சேன்" என்கிறார். தப்பே சொல்ல முடியாது, எந்த வீட்டிலும் பாசி என்றால் தேய்க்க வேண்டியதுதானே. இரண்டு நாள் பேசவில்லை. (அம்மா அதைக் கவனிக்கவும் இல்லை.)

ஆனால் நடந்ததைக் கேளுங்கள். தேய்த்த தூளெல்லாம் தண்ணீரோடு ஓடி, குழாயடி மூலையில் செங்கல் இடுக்கில் தங்கியிருக்கிறது. நாலு மாதம் கழித்து அங்கே பச்சை. பாசியில் இலைத் துணுக்கு ஒன்று போதும், அதிலிருந்தே புதுச் செடி கிளம்பும். விதை கிடையாது, பூ கிடையாது, வித்துத்தூள் (ஸ்போர்) ஒரு வழி, இப்படி உடைந்த துண்டு இன்னொரு வழி. முதலில் பாசி மாதிரியே தெரியாது, பச்சை நூல் படர்ந்த ஈரத்துணி போல ஒரு படலம்தான் வரும். புரோட்டோனீமா என்று பள்ளியில் படித்தோமே, அதுதான் இது. அதில்தான் பிறகு மொட்டு விட்டுக் குட்டிக் குட்டிச் செடியாக எழும்பும். கெட்ட படலம் என்று நினைத்து அதை நானே முன்பு இரண்டு முறை துடைத்திருக்கிறேன், அது தெரிந்தபோதுதான் அம்மா மேல் இருந்த கோபம் போனது.

மண்வாசம்:

துண்டுபோட்டு வளர்ப்பது பற்றி வந்ததால் சொல்கிறேன். பாசியைத் தயிரோ மோரோ சேர்த்து மிக்ஸியில் அடித்துச் சுவரில் பூசினால் ஓவியம் மாதிரி வளரும் என்று வீடியோவில் பார்த்துச் செய்தேன். முதல் வாரம் புளித்த வாடை, இரண்டாம் வாரம் எறும்பு, மூன்றாம் வாரம் சாம்பல் பூஞ்சை. பாசி வரவே இல்லை. பிறகு அதே பாசியைக் கையால் பிய்த்து, வெறும் தண்ணீரில் கலந்து, ஈரமான சொரசொரப்புக் கல்லில் அப்பினேன், ஐந்தாறு மாதத்தில் பிடித்துக்கொண்டது. பால் பொருளால் பயன் பூஞ்சைக்குத்தான் என்பது என் முடிவு. மிக்ஸியும் வீண்.

தூறல்:

எல்லாரும் தெளிக்கிறேன் தெளிக்கிறேன் என்கிறீர்கள். அங்கேதான் நான் விழுந்தேன்.

ஏசி ஓடும் அறையில், திறந்த தட்டில் வைத்திருந்தேன். காலையில் நாலு புஸ், மாலையில் நாலு புஸ். தெளித்த உடனே பச்சையாக விரியும், மனசுக்குச் சந்தோஷமாக இருக்கும், அரைமணி நேரத்தில் மறுபடி சுருண்டுவிடும். இப்படியே மூன்று மாதம், மெல்ல மெல்ல வெளிறிப் போய்விட்டது. இவ்வளவு ஒழுங்காகத் தண்ணீர் காட்டியும் ஏன் என்று தேடிப் படித்தேன். காய்ந்த பாசியில் ஈரம் பட்டதும் அது முதலில் செய்வது பழுதுபார்க்கும் வேலை. காய்ந்தபோது கெட்டுப்போன செல் சவ்வுகளைச் சரிசெய்யச் சேமிப்பைச் செலவழிக்கும். அப்புறம்தான் ஒளிச்சேர்க்கை சூடுபிடித்து வரவு தொடங்கும். வரவு தொடங்குமுன் மறுபடி காய்ந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் நஷ்டம். நான் தினம் இரண்டு தடவை அதைக் கடனாளியாக்கிக்கொண்டிருந்தேன்.

நனைத்தால் பல மணி நேரம் ஈரம் நிற்கும்படி முழுக்க நனையுங்கள், முடியாவிட்டால் சும்மா காய விடுங்கள். காய்ந்து கிடப்பதால் சுவர்ப்பாசி சாகாது. நான் மேசை இழுப்பறையில் காகித உறைக்குள் மறந்துபோட்ட ஒரு துண்டு எட்டு மாதம் கழித்துத் தண்ணீர் பட்டதும் சில நிமிடத்தில் இலையை விரித்தது, கண்ணெதிரே. அண்டார்டிகா பக்கம் சிக்னி தீவில் 1500 வருடத்துக்கு மேல் உறைந்து கிடந்த பாசி ஆய்வகத்தில் மறுபடி துளிர்த்ததை 2014இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள், அதோடு ஒப்பிட்டால் என் எட்டு மாதம் ஒன்றுமே இல்லை. ஆனால் எல்லா வகையும் இப்படித் தாங்காது. எப்போதும் நீர் சொட்டும் இடத்தில் இருந்து எடுத்ததைக் காயவிட்டால் போய்விடும்.

சும்மா இரு:

தூறல் அக்கா, மழைத்தண்ணீருக்கு நான் எங்கே போவேன்? ஏசி குழாயில் சொட்டுவதைப் பிடித்து ஊற்றலாமா? உப்பே இருக்காதே.

தூறல்:

உப்பு இருக்காதுதான் தம்பி, ஆனால் அந்தத் தண்ணீர் உலோகச் சுருள் மேல் வழிந்து வருகிறது, அதில் பெரும்பாலும் செம்பு இருக்கும். செம்பு பாசிக்கு விஷம். கொஞ்சமாக எப்போதாவது என்றால் என்ன ஆகுமோ, நான் ஊற்ற மாட்டேன். ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறேன், நன்றாகவே இருக்கிறது.

பூதக்கண்ணாடி:

வளர்ப்பில் நான் சுமார். எனக்குப் பாசி வேண்டியது அதில் குடியிருப்பவர்களுக்காக.

மொட்டைமாடி விரிசலில் காய்ந்து கிடந்த பாசியை ஒரு கிண்ணத்தில் தலைகீழாக ஊறப்போட்டு, மறுநாள் பிழிந்து, அந்தத் தண்ணீரை என் மகளின் பழைய நுண்ணோக்கியில் வைத்துத் தேடினோம். ஒரு மணி நேரம் மண்துகள், நெளியும் புழு, சக்கரம் சுற்றுவது போல வாயை வைத்துக்கொண்டு ஏதோ ஒன்று. மகள் எழுந்து போய்விட்டாள். அப்புறம் வந்தது நீர்க்கரடி. எட்டுக் கால், நகம் வைத்த பாதம், தூக்கக் கலக்கத்தில் நடப்பவனைப் போல ஆடி ஆடி வருகிறது. முழு உருவமே அரை மில்லிமீட்டருக்கு உள்ளேதான். 1773இலேயே கோட்ஸே என்கிற ஜெர்மானியர் இதைப் பார்த்துக் குட்டி நீர்க்கரடி என்று எழுதியிருக்கிறார். பாசி காயும்போது இதுவும் சுருண்டு காய்ந்து கிடக்கும், நனைந்தால் இரண்டும் சேர்ந்து எழும். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார்.

அதனால் ஒரு வேண்டுகோள்: காட்டில் இருந்து பெயர்த்து வராதீர்கள். அங்கே ஒரு கைப்பிடி என்பது ஒரு ஊர், திரும்ப வளரவும் வருடக்கணக்காகும். சுவரில், மாடியில், நடைபாதை ஓரத்தில் எவ்வளவோ இருக்கிறது. இன்னொன்று, மாடி வெயிலில் பழகிய பாசியை மூடிய ஜாடிக்குள் போடாதீர்கள், என்னிடம் அது நீண்டு மெலிந்து முடி மாதிரி ஆனது. எடுத்த இடம் எப்படியோ வைக்கும் இடமும் அப்படியே இருக்கட்டும்.

ஈரச்சுவர்:

தூறல் சொன்னதைப் படித்துவிட்டு ஸ்பிரே பாட்டிலை உள்ளே வைத்துவிட்டேன், வாரம் இரண்டு முறை முழுக்க நனைப்பதாக மாற்றிப் பார்க்கிறேன். மழைத்தண்ணீர் பிடித்து வைப்பவர்கள் வாளியைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள், என் வாளியில் பாசியைவிடக் கொசுப்புழு நன்றாக வளர்ந்தது. கல்லும் புல்லும், அந்தக் குழாயடி மூலையின் படம் போடுங்களேன்.

கல்லும் புல்லும்:

படம் போட முடியாது. விருந்தாளி வருகிறார்கள் என்று இன்று காலை அம்மா குழாயடியையும் தேய்த்துவிட்டார். நல்லவேளையாக நான் வீட்டில் இருந்தேன். பிரஷ்ஷை ஒரு தாளில் தட்டி, உதிர்ந்ததையெல்லாம் மடித்து எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை எங்கே போடுகிறேன் என்று வீட்டில் யாரிடமும் சொல்லப் போவதில்லை.