கனெக்ட் 0 கொடுத்தால் இணைப்பு வந்துவிட்டதா?

வியாசர்பாடி39:
ஒரே கணினியில் இரண்டு ப்ராசஸ் (ஓடும் நிரல்கள்) பேசிக்கொள்ள நடுவில் மெசேஜை வாங்கிக் கொடுக்கும் புரோக்கர் சர்வர் எதற்கு? மெசேஜ் அனுப்பும் நூலகமான ஜீரோஎம்க்யூ போதும். ஒரு பக்கம் பைண்ட் (முகவரியில் காத்திருப்பது), மறுபக்கம் கனெக்ட் (அந்த முகவரிக்கு இணைவது). கனெக்ட் 0 கொடுத்துவிட்டால் இணைப்பு திறந்துவிட்டது, அனுப்ப வேண்டியதுதான். எதை முதலில் கிளப்பினாலும் ஓடும்.

தண்டையார்பேட்டை81:
"கனெக்ட் 0 கொடுத்துவிட்டால் இணைப்பு திறந்துவிட்டது." இந்த வரியை முதலில் அழியுங்கள். புதிதாகக் கற்கும் பையன்கள் இதை நம்பிவிடுவார்கள். டிசிபி (நெட்வொர்க்) முகவரி கொடுத்தால் எதிரில் ஆளே இல்லாதபோதும் 0 வரும். நிஜ இணைப்பை, நூலகத்துக்குள் பின்னணியில் ஓடும் ஐஓ திரெட் தேடிக்கொண்டிருக்கும். கிடைக்காவிட்டால் 100 மில்லிசெகண்ட் இடைவெளியில் மறுபடி முயலும்.

வியாசர்பாடி39:
ஆவணத்தில் 0 என்றால் வெற்றி என்று போட்டிருக்கிறது. மூன்று வருடமாக ஓட்டுகிறேன், ஒரு மெசேஜ்கூடத் தொலைந்ததில்லை.

தண்டையார்பேட்டை81:
அதே பக்கத்தை முழுதாகப் படியுங்கள். கனெக்ட் வெற்றி என்பதால் இணைப்பு ஏற்பட்டதாகவோ ஏற்பட முடியும் என்றோ பொருள் இல்லை என்று அங்கேயே எழுதியிருக்கிறார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கன்டெய்னர் யார்டில் வேபிரிட்ஜ் (லாரி எடைமேடை) எடையைப் புஷ் சாக்கெட்டில், அதாவது அனுப்ப மட்டுமே செய்யும் வகையில், அனுப்பினோம். வாங்கும் ப்ராசஸ் அன்று கிளம்பவே இல்லை. கனெக்ட் 0 கொடுத்தது, அனுப்பிய ஒவ்வொன்றும் போய்விட்டது போலவே தெரிந்தது. எல்லாம் மெமரியில் வரிசையாக நின்றிருக்கிறது. விடியற்காலையில் கரண்ட் போனது, ராத்திரி முழுக்க எடுத்த எடையும் போனது. வண்டிக்காரர்களிடம் பேச்சு வாங்கியது நான்.

ராயபுரம்13:
காசிமேட்டு ஏலத்துக்கு லேட்டாக வந்தவன் கதைதான். கூவி முடித்த விலை அவன் காதில் விழாது.

தண்டையார்பேட்டை81:
அண்ணா, அது பப்-சப், ஒருவர் ஒலிபரப்பச் சந்தாதாரர்கள் (சப்) கேட்கும் வகை. சப் பக்கம் தாமதமாகச் சேர்ந்தால் முதல் மெசேஜ்கள் போய்விடும். நான் சொல்வது புஷ். இது எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்கு நிற்கும் லாரி வரிசை மாதிரி. இயல்பான வரம்பு 1000 மெசேஜ், அதற்கு மேல் அனுப்பும் பக்கமே நின்றுவிடும். இரண்டையும் குழப்பாதீர்கள்.

ராயபுரம்13:
மீன் விற்கிற ஊரில் பிறந்தவனுக்கு ஏலத்தைப் பற்றிப் பாடமா? போன மாதக் கூட்டத்திலும் இப்படித்தான் என்னைப் பேசவிடாமல் மைக்கைப் பிடுங்கினாய்.

பெரம்பூர்11:
சாதாரண டிசிபி சாக்கெட் போதுமே. எதிரில் ஆள் இல்லாவிட்டால் கனெக்ட் முகத்திலேயே மறுத்துவிடும்.

வியாசர்பாடி39:
மெசேஜ் எங்கே முடிகிறது என்று பிரிப்பதை யார் எழுதுவது? நீங்களா?

பெரம்பூர்11:
நான் எழுதியிருக்கிறேன். நீளத்தை நான்கு பைட்டில் முன்னால் போட்டால் முடிந்தது. நூலகம் இல்லாமல் ஒரு வரி எழுதத் தெரியாதவர்கள் இதற்கெல்லாம் பயப்படுகிறார்கள்.

வியாசர்பாடி39:
என்னைச் சொல்கிறீர்களா?

தண்டையார்பேட்டை81:
சண்டை அப்புறம். தம்பி, அந்த 0 பற்றிப் பதில் சொல்லுங்கள். சாக்கெட்டின் இம்மீடியட் ஆப்ஷனை 1 ஆக்கினால் (இயல்பில் 0), இணைப்பு முடிந்த பிறகுதான் மெசேஜ் வரிசைக்குப் போகும். இல்லையா, இணைப்பின் நிலையை அறிவிக்கும் சாக்கெட் மானிட்டர் போட்டு கனெக்டட் நிகழ்வு வரும்வரை காத்திருங்கள். 0 மட்டும் போதாது.

வியாசர்பாடி39:
அவ்வளவு முக்கியம் என்றால் அந்த ஆப்ஷனை ஏன் இயல்பாகவே 1 என்று வைக்கவில்லை?

தண்டையார்பேட்டை81:
எதை முதலில் கிளப்பினாலும் ஓடும் என்றீர்களே, அந்த வசதிக்காகத்தான். ஆள் வரும் முன்பே வரிசை கட்டுவதால்தான் அது முடிகிறது. அந்த வசதியை எடுத்துக்கொண்டு 0 வந்தது, இணைப்பு வந்தது என்று சொல்ல முடியாது. வாங்கும் பக்கத்தை நிறுத்திவிட்டு இன்றிரவு ஓட்டிப் பாருங்கள்.

ராயபுரம்13:
பார், இங்கேயும் மைக்கை விடவில்லை.

வியாசர்பாடி39:
நான் எதற்கு நிறுத்த வேண்டும்? என்னிடம் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. 0 என்றால் வெற்றி.

தண்டையார்பேட்டை81:
அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது. அழியுங்கள்.