சேற்றில் சிக்கிய டாங்க்: டெல்டாக்காரர்களின் அனுபவங்கள்

மன்னார்குடி

1/72, 1/76 அளவில் (நிஜ வண்டியின் 72-ல், 76-ல் ஒரு பங்கு) பழைய பிளாஸ்டிக் டாங்க் மாடல் கிட் கட்டுகிற நம்ம பக்கத்து ஆட்கள், அதன் மேல் சேறு, தூசி, துரு ஏற்றியதில் கண்டதை, ஊர்ப் பெயரை மேலே போட்டு எழுதுங்கள். டப்பாவில் வரும் பிக்மென்ட் என்ற வண்ணத் தூளை வாங்கிப் பூசிய கதை எங்கும் கிடைக்கிறது. நம்ம மண்ணை வைத்து என்ன செய்தீர்கள் என்பதுதான் எனக்கு வேண்டும். நானே தொடங்குகிறேன்.

இப்போது முடித்திருப்பது 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் நின்றுபோன ஒரு எம்48 பாட்டன் டாங்க். செப்டம்பர் 8 முதல் 10 வரை நடந்த சண்டை அது. நம் படை கால்வாயை உடைத்து வயலுக்குள் தண்ணீரை விட்டது. கரும்புக்குள் நம் செஞ்சுரியன், ஷெர்மன் டாங்குகள் மறைந்து நிற்க, பாகிஸ்தானின் பாட்டன்கள் சேற்றில் இறங்கி மாட்டிக்கொண்டன. ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பீரங்கியோடு அப்துல் ஹமீது டாங்குகளை அடித்து வீழ்த்தி, உயிரையும் விட்டு, பரம் வீர் சக்ரா பெற்றது இந்தச் சண்டையில்தான். தண்ணீர் நிற்கிற வயல், கரும்பு, புதைந்துபோன வண்டி. மன்னார்குடிக்காரனுக்கு இதில் புரியாதது என்ன இருக்கிறது?

படங்களில் பார்த்துச் சேறு பூசினால் எல்லாருக்கும் ஒரே மாதிரி வருகிறது: கீழே பழுப்பு, மேலே பச்சை, நடுவில் ஒரு தெளிப்பு. அதனால் சம்பா அறுவடை சமயத்தில் ஊருக்கு வந்த பெல்ட் வண்டியை, டயருக்குப் பதில் டாங்க் மாதிரி பெல்ட்டில் ஓடுகிற அறுவடை இயந்திரத்தை, போய்ப் பார்த்தேன். ஈரம் காயாத வயலில் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் இறங்கும். கரையேறி நின்றதும் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுகிறவர் வந்து, “என்ன சார், எதுவும் கழண்டு விழுந்துடுச்சா?” என்றார்.

“இல்லண்ணே, சேறு எங்க ஒட்டுதுன்னு பார்க்கிறேன்.”

ஒரு நிமிடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம், “பெல்ட்டுல பார்க்காதீங்க, ஓடுற பெல்ட்டுல அது நிக்காது. ரோலருக்கு மேல பாருங்க” என்றார்.

அவர் சொன்னது அப்படியே சரி. பெல்ட்டின் வெளி விளிம்பு தேய்ந்து சுத்தமாக இருந்தது. சேறு அடைந்து கிடந்தது ரோலருக்கு மேலே உள்ள விளிம்பில், திண்டு திண்டாக. அடித்திண்டு காய்ந்து வெளுத்துப்போயிருந்தது, அதன் மேல் அன்றைய சேறு கறுப்பாகப் படிந்திருந்தது. பெல்ட்டை இழுக்கிற பல் சக்கரத்து அச்சில் வைக்கோல் சுற்றி, சேறும் சேர்ந்து கயிறாக முறுக்கியிருந்தது. மேல்தட்டில் சேறே இல்லை, ஓட்டுகிறவர் கால் வைத்து ஏறுகிற இடத்தில் மட்டும் தடம்.

இதையெல்லாம் 5 செ.மீ. அகலப் பாட்டனில் கொண்டுவந்தேன். எங்கள் ஊருக்கு வந்த வண்டிக்குப் பல் சக்கரம் முன்னால், ஷெர்மனுக்கும் முன்னால். பாட்டனுக்குப் பின்னால். ஆகவே வைக்கோலுக்குப் பதில் கரும்புச் சோகை, அதுவும் பின்பக்க அச்சில். சோகைக்கு மெல்லிய தாளை முடியளவு கீறிக்கொண்டேன். கரும்புக்குத் தென்னந்துடைப்பத்து ஈர்க்கின் நுனி, 4 செ.மீ. உயரம், கிட்டத்தட்ட நிஜத்தில் 3 மீட்டர்.

இனி மண். ஆற்று மணலை அப்படியே போட்டால் காரியம் கெட்டது. அரை மி.மீ. மணல் 1/72-ல் 3.6 செ.மீ. ஜல்லி. வேண்டியது வண்டல். கோடையில் ஆறு வற்றியதும் படுகையில் மேல்தோல் வெடித்துச் சுருண்டு கிடக்குமே, அந்தப் பொருக்கைப் பொறுக்கிக்கொண்டு வந்து கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு குலுக்குங்கள். அரை நிமிடத்தில் மணல் அடியில் நின்றுவிடும். கலங்கல் தண்ணீரை மட்டும் இன்னொரு பாட்டிலில் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். மேலே தெளிந்ததைக் கொட்டிவிட்டு அடிமண்ணைத் தட்டில் காயவைத்து, நுணுக்கி, பழைய வேட்டித் துணியில் சலித்தால் விரலில் தேய்க்கும்போது மண் என்றே தெரியாது. அதைத் தண்ணீர் விட்ட பெவிகாலில் குழைத்தால் சேறு. தின்னரில் கரைத்துத் தொட்டு வைத்தால் தூசி. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கறுப்புக் களியைக் கொஞ்சம் கலந்தால் அதுவே ஈரச் சேறு. பளபளப்பு வேண்டிய பள்ளத்தில் மட்டும் கிளாஸ் வார்னிஷ் ஒரு சொட்டு.

கும்பகோணம்

அண்ணே, அந்த வண்டலைப் பற்றி என்னிடம் ஒரு சேதி இருக்கிறது. சுவாமிமலையில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன், சிலை வார்ப்பதைப் பார்க்க. மெழுகில் செய்த உருவத்தின் மேல் முதலில் பூசுவது காவிரி வண்டல்தான். அது காய்ந்த பிறகுதான் மணலும் களிமண்ணும் சேர்ந்த தடித்த பூச்சு. கம்பி கட்டி, சூளையில் வைத்து மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். உள்ளே உலோகத்தைத் தொடுவது அந்த மெல்லிய வண்டல் பூச்சு. மெழுகில் நகக்கண் இருந்தால் சிலையிலும் நகக்கண் வரும்.

பூசிக்கொண்டிருந்தவரிடம், “இதையும் சலிப்பீங்களாண்ணே?” என்றேன். “பின்னே? முதல் பூச்சுல ஒரு மணல் கிடந்தாலும் சாமி முகத்துல பரு வந்துடும் தம்பி” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஷெர்மன் ஞாபகம். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் பழைய 1/76 ஷெர்மன் கிட்டில் டரட், அதாவது பீரங்கி இருக்கிற சுழலும் மேல்பகுதி, வழவழவென்று இருக்கும். நிஜத்தில் அது வார்ப்பு எஃகு, சொரசொரப்பாக இருக்க வேண்டும். முதலில் அடிக்கிற பிரைமர் வண்ணத்தில் ஒரு சிட்டிகை வண்டல் கலந்து, முடி உதிர்ந்த பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்தி எடுத்தேன். மேலே பச்சை அடித்து, வண்ணத்தைத் துடைத்த காய்ந்த பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் தடவி டிரை பிரஷ் செய்ததும் வார்ப்பு தெரிந்தது. சிலைக்காரர் மணலைத் தள்ளி வைக்கிறார். நான் அவர் பரு என்று சொன்னதைத் தேடிப் போகிறேன். இரண்டுக்கும் அதே ஆற்று மண்தான்.

வேதாரண்யம்

எங்களுக்கு உப்புதான். வண்ணம் உரிந்தது போலக் காட்ட, துரு நிறம் அடித்து, காய்ந்ததும் லேசாக ஈரம் தொட்டு உப்பைத் தூவி, மேலே பச்சை அடித்து, காய்ந்தபின் தேய்த்துவிட்டால் உப்பு இருந்த இடமெல்லாம் துரு தெரியும். உப்பளத்துக் கல்லுப்பை அப்படியே தூவாதீர்கள், 1 மி.மீ. கல் 1/72-ல் 7 செ.மீ. சில்லு. அம்மியில் நுணுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை ஆகாது. காற்றின் ஈரத்தில் உப்பு கசிந்து, அடித்த வண்ணத்தோடு கரைந்துவிடும். சித்திரை வெயில்தான் இதற்கு.

திருவையாறு

மண்ணைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். பழைய கிட் என்றால் என் தலைவலி டிராக், அதாவது டாங்கின் பெல்ட். 1970-களின் மேட்ச்பாக்ஸ் 1/76 கிட்டுகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு நிறப் பிளாஸ்டிக், கூடவே டாங்கை நிறுத்துகிற குட்டி டயோரமா தளம், பெட்டியைத் திறந்ததுமே ஒரு காட்சி கையில் கிடைக்கிறது. ஆனால் அந்தக் காலக் கிட்டுகளில் வரும் ரப்பர் மாதிரியான டிராக்கில் பசையும் ஒட்டாது, வண்ணமும் நிற்காது. முனையில் உள்ள குமிழை ஓட்டையில் மாட்டி, சூடான ஸ்க்ரூடிரைவரால் அமுக்கி உருக்கச் சொல்கிறார்கள். நான் ஊசி நூலால் தைத்துவிடுகிறேன். தையல் விழுகிற இடம் தரைப்பக்கம் வரும்படி சுற்றி வைத்து, மன்னார்குடியார் சொன்ன சேற்றை அங்கே அப்பிவிட்டால் யார் கண்ணிலும் படாது. டி-55 மாதிரி, மேல்பக்க டிராக்கைத் தாங்குகிற ரிட்டர்ன் ரோலர் இல்லாத டாங்க் என்றால் டிராக் சக்கரத்தின் மேல் தொய்ந்து உட்கார வேண்டும். அங்கேயும் நூல்தான், சக்கரத்தோடு சேர்த்து ஒரு முடிச்சு.

மஞ்சள் பூத்த டீக்கால்களை, தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற சின்னங்களை, தூக்கிப் போடாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் வைத்து வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டால் மஞ்சள் வெளுக்கும். தண்ணீரில் போடும் முன் மேலே ஒரு கை வார்னிஷ், இல்லாவிட்டால் தூள் தூளாகப் போய்விடும்.

தஞ்சாவூர்

வல்லத்துச் செம்மண்ணை யாரும் சொல்லவில்லையே? வியட்நாமில் ஓடிய எம்48-க்கு அந்தச் சிவப்புத்தான் பொருத்தம், அங்கேயும் செம்மண் தரை. மன்னார்குடியாரின் அதே முறையில் தெளிய வைத்துப் பூசினேன். நவராத்திரியில் கொலுவுக்குக் கீழே பிள்ளைகள் பார்க் கட்டி, கேழ்வரகு முளைக்க விட்டிருந்தார்கள். அந்தப் பச்சைக்குள் டாங்கைக் கொண்டுபோய் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, “செட்டியார் கடைக்கு எதிர்ல வேண்டாம்டா, வியாபாரம் படுத்துடும்” என்று மலையடிவாரத்துக்கு நகர்த்திவிட்டார். சுண்டல் வாங்க வந்தவர்கள் எல்லாரும் குனிந்து பார்த்தது அதைத்தான். 1/72 டாங்குக்கு முளைவிட்ட கேழ்வரகு பெருங்காடு மாதிரி இருந்தது. வியட்நாமுக்கு அது சரிதான்.

ஒரு சந்தேகம் அண்ணே. ஆற்று மண் பூசிய மாடலில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காதா?

மன்னார்குடி

பிடிக்கும் தம்பி. வண்டலில் இலை, வேர், பாசி எல்லாம் மக்கிக் கிடக்கிறது. சலித்த மண்ணை இரும்புச் சட்டியில் போட்டு, புகை வருவது நிற்கிறவரை வறுத்துவிடு. நிறம் ஒரு சாயல் மாறும், அதனால் வறுத்த பிறகே கலவை போட்டுப் பார். அப்புறம் கடைசி மேட் வார்னிஷை அடைமழை நாளில் அடிக்காதே. ஈரக் காற்றில் வெள்ளையாகப் பூத்து, கறுப்புச் சேறெல்லாம் சாம்பலாகத் தெரியும். பங்குனிவரை பொறுக்க முடியாவிட்டால், மழை விட்டு வெயில் அடித்த நாளில் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அடி. திருவையாற்றுக்காரரிடம் ஒரு கேள்வி: தைக்கிற நூல் பருத்தியா, நைலானா?