புதுப்பிப்பு: சவாரித் திடலில் இருந்து கோட்டைக்கு

வட்டுக்கோட்டையில் மாட்டுவண்டிச் சவாரி பார்த்துவிட்டு அதே பின்னேரம் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போக எந்த ரோட்டு நல்லது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்தாச்சு.

மானிப்பாய், ஆனைக்கோட்டை வழியைச் சொன்னவர்களே அதிகம். நிழலும் கடைகளும் அந்தப் பக்கம்தான், சரி. ஆனாலும் நான் அராலி, கல்லுண்டாய், காக்கைதீவு, நாவாந்துறை என்று கரையோரமாகவே வந்தேன். இனிக் கேட்பவர்களுக்கும் அதையே சொல்வேன். அராலி தாண்டினால் வெறும் வெளி. காற்று மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும், பிள்ளைகளை ஏற்றினால் மெதுவாகப் போங்கள். சவாரி முடிந்ததும் மாடு ஏற்றும் வாகனங்கள் ஒழுங்கையை அடைத்துவிடும்; கடைசிப் போட்டிக்கு முன்னரே கிளம்புங்கள்.

கோட்டைக்கு நிறைய நேரம் வையுங்கள். போர்த்துக்கேயர் சதுரமாகக் கட்டியதை, 1658-ல் பிடித்த ஒல்லாந்தர் பின்னர் ஐங்கோணமாக்கினார்கள். மதிலுக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள், முருகைக்கல். சின்னச் சின்னக் குழிகள் விரலுக்குத் தட்டுப்படும். கடலில் வளர்ந்த கல் என்பது அப்போதுதான் உறைக்கிறது. அப்புறம் நீரேரிப் பக்கம் ஏறுங்கள், பண்ணைப் பாலம் அங்கிருந்து வடிவாகத் தெரியும்.